நண்டு திறந்த மறுகால்

"அத்தான், நல்லாக் கண்ண முழிச்சுப் பாருங்க. வாய் நனையல."

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த தாணுமாலையன் பிள்ளை கண்ணை நன்றாகத்தான் விழித்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கு நேரே மடைத்தூணில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. அந்த மீனின் வாயைத் தண்ணீர் தொட்டுவிட்டதா இல்லையா என்பதை மேலமருதடிக் கிராம முன்சீப் என்ற முறையில் அவர் சொல்லியாக வேண்டும். கரைமேல் ஊரே நின்றது. எல்லோருக்கும் முன்னால், குடையும் கையுமாக, அவருடைய மனைவியின் தம்பி அம்பலவாண பிள்ளை நின்றார்.

"அலை அடிச்சு நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். அலை நனைக்கது கணக்குல சேராதுவே," என்று அம்பலவாண பிள்ளை ஊரைத் திரும்பிப் பார்த்தார். "சேராது, சேராது," என்றது ஊர்.

மேலமருதடிக் குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையின் வடகோடியில் உள்ள மறுகால் வழியாக வெளியேறி, ஓடையில் விழுந்து, இரண்டு மைல் கீழே இருக்கும் கீழமருதடிக் குளத்துக்குப் போய்ச் சேரும். மறுகால் என்பது கல் பாவிய ஒரு தாழ்ந்த இடம். நடுநடுவே கல் நட்டு ஐந்து கண்ணாகப் பிரித்திருக்கும். ஐப்பசி பிறந்ததும் மேலமருதடிக்காரர்கள் அந்த ஐந்து கண்ணையும் வைக்கோல் புரியும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுவார்கள். குளத்தில் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். இதற்குக் கீழமருதடியில் திருட்டு என்று பெயர். மேலமருதடியில் வழக்கம் என்று பெயர்.

மீனின் வாய் நனைந்ததும் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்பது இரண்டு ஊரும் ஒப்புக்கொண்ட முறை. ஆனால் மீனைச் செதுக்கியவன் செங்குத்தாகச் செதுக்கிவிட்டுப் போய்விட்டான். அது தண்ணீரில் ஊறி ஊறி, எது வாய், எது வால் என்று தெரியாமல் தேய்ந்துவிட்டது. மேலமருதடிக்காரர்களுக்கு மேல் முனைதான் வாய். கீழமருதடிக்காரர்களுக்குக் கீழ் முனைதான் வாய். இரண்டுக்கும் நடுவே ஒன்றரைச் சாண் தூரமும் அறுபது வருஷப் பகையும் இருந்தன. ஐப்பசியிலிருந்து மறுகால் விழும்வரை ஒரு ஊர்க்காரன் மற்ற ஊரில் கால் வைக்கமாட்டான். கல்யாணமோ கருமாதியோ எதுவானாலும் தண்ணீர் கீழே போன பிறகுதான் போக்குவரத்து.

டில்லியில் பட்டாபிஷேக தர்பார் நடந்த வருஷம் அது. கார்த்திகை மாதம். தண்ணீர் மீனின் கீழ் முனையை முழுங்கிவிட்டு, மேல் முனைக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது.

"நனையல," என்றார் தாணுமாலையன் பிள்ளை.

கரையில் குலவைச் சத்தம் எழுந்தது. முன்சீப் மட்டும் கீழமருதடித் திசையைப் பார்த்தார். ஏனென்றால் அவருடைய ஒரே மகள் சண்முகசுந்தரியை ஆவணியில் நிச்சயம் செய்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை, கீழமருதடி ஐயம்பெருமாள் பிள்ளையின் மகன்.

ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்பாசமுத்திரத்துத் தபால்காரர் சாலமோன் நின்றார். கையில் ஒரு கார்டு.

"முன்சீப் ஐயா, உங்க சம்பந்தி எழுதியிருக்காவ. வெள்ளிக்கிழமை வாறாவளாம்."

"நீரு படிச்சிட்டீராவே?"

"படிக்கணும்னு படிக்கல ஐயா. கார்டுன்னா கண்ணுல பட்டுருதுல்லா."

கார்டில் இருந்தது இவ்வளவுதான்: 'க்ஷேமம். குளத்துத் தண்ணீர் விஷயமாக உங்களிடம் நேரில் சில வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வருகிறோம். கார்டில் எழுதக்கூடிய விஷயம் அல்ல.'

தாணுமாலையன் பிள்ளை அதை மூன்று தடவை படித்தார். அவர் மனைவி நீலாம்பாள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள்.

"மூலையில மஞ்சள் தடவலயே."

"தபாலாபீசுல அழிஞ்சிருக்கும்."

"நிச்சயம் பண்ணுன வீட்டுக்கு மஞ்சள் தடவாம எழுதுவாவளா? இது நல்ல எழுத்து இல்ல. அவுக தம்பிக்கு வீரவநல்லூர்ல பாத்த சம்பந்தத்த எப்பிடி முறிச்சாவன்னு தெரியும்லா?"

அது தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. பந்தியில் வாழை இலையை நுனி வலப்பக்கம் வரும்படி போட்டுவிட்டார்கள் என்று, பரிமாறிய சோற்றை அப்படியே விட்டு எழுந்து வந்த மனிதர் ஐயம்பெருமாள் பிள்ளை. இலைக்கே அந்தப் பாடு என்றால், ஒரு குளத்துத் தண்ணீருக்கு என்ன பாடு?

"ரெண்டு மைல் தூரத்துக்குக் கார்டு போடுத மனுசன், மனசுக்குள்ள எவ்வளவு வச்சிருப்பாரு?" என்றார் தாணுமாலையன் பிள்ளை.

சண்முகசுந்தரி கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் குளிக்கப் போன இடத்தில் அவள் மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அன்றிலிருந்து யார் அதட்டினாலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது. உலையில் அரிசி குழைந்ததற்குச் சிரித்தாள். பசு உதைத்ததற்குச் சிரித்தாள். கார்டு வந்த அன்று அவள் சிரிக்கவில்லை; சோறும் சரியான பதத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் தாணுமாலையன் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன செய்வது? ஊரைக் கூட்டி 'திறந்துவிடுங்கள்' என்று சொன்னால், மகளுக்காக ஊர்த் தண்ணீரைச் சீதனமாகக் கொடுத்த முன்சீப் என்று பெயர் வரும். அம்பலவாண பிள்ளையின் வயல் முழுவதும் குளத்துப் பாசனத்தின் கடைக்கோடியில் இருந்தது. அந்தக் கூடுதல் ஒரு முழத் தண்ணீர்தான் அதற்கு உயிர். அத்தான் என்றும் அவர் பார்க்கமாட்டார். நீலாம்பாளிடம் சொன்னால் அவள் தம்பியிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள். ஆகவே யாரிடமும் சொல்லாமல் ஒரே ஒரு கண்ணை மட்டும் தம் கையால் திறந்துவிடுவது என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை, கார்த்திகைச் சோமவாரம். உச்சிக்காலப் பூசைக்கு ஊர் மொத்தமும் சிவன் கோயிலுக்குள் இருக்கும். கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் முன்சீப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன செய்யுது?" என்றாள் நீலாம்பாள்.

"முறுக்கிப் பிடிக்கி. நீங்க போங்க. நான் பைய படுத்துக்கிடுதேன்."

அவர்கள் தெரு திரும்பியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுகாலுக்கு ஓடினார். கோயில் மணி அடித்து ஓய்வதற்குள் முதல் கண்ணின் அடைப்பைக் கொத்தித் தள்ளிவிட்டார். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு சோவென்று பாய்ந்தது. அவரையும் நாலடி தூரம் கூட்டிக்கொண்டு போய், ஒரு தாழம்புதர் ஓரம் விட்டுவிட்டுத் தன் வழியே போனது. முன்சீப் எழுந்து, முதுகில் கையைக் கொடுத்துக்கொண்டு, 'சம்பந்தி, உங்க பங்கு' என்று வாய்விட்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிப் படுத்தவரை நீலாம்பாள் விபூதிப் பிரசாதத்தோடு வந்து பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது, முனகினார். முனகல் தாழை முள்ளால் வந்தது. அவளுக்கு அது தெரியாது. நேராக அடுக்களைக்குப் போய், ஒரு ஆழாக்கு விளக்கெண்ணெயைச் சுக்கு வெந்நீரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"இப்பக் கொஞ்சம் சுகமாத்தான் இருக்கு," என்றார் அவர்.

"குடிச்சா இன்னும் சுகமாயிரும்."

"வேண்டாம் நீலா."

"வலி நெசந்தானே?"

அந்தக் கேள்விக்குப் பயந்து அவர் குடித்தார். நீலாம்பாள் மருந்து கொடுத்தால், குடித்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசிச் சொட்டு இறங்கியதும் வாயில் ஒரு கற்கண்டைப் போடுவாள். அந்த மருந்துக்குப் பயப்படாதவர்கள் ஊரில் இல்லை. அந்தக் கற்கண்டை மறந்தவர்களும் இல்லை.

சாயங்காலம் ஊரில் கூச்சல். ஒரு கண் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டார்கள். உடனே பனந்தடியைக் குறுக்கே போட்டு, இரட்டை மடங்கு களிமண் வைத்து அடைத்தார்கள். மறுநாள் காலை சாவடியில் கூட்டம். முன்சீப் இல்லாமல் கூட்டம் நடக்காது. விளக்கெண்ணெய் இன்னும் தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"இது கீழமருதடிப் பயலுவ வேலை!" என்றார் அம்பலவாண பிள்ளை. "நாம சாமி கும்பிடுத நேரம் பாத்து வந்திருக்கானுவ. அத்தான், தாசில்தாருக்கு எழுதுங்க. ஐயம்பெருமாள் பேர முதல்ல போடுங்க."

"அவுக பேரா?" என்றார் முன்சீப்.

"பின்ன? அவருதானவே அந்த ஊருக்குத் தலை. சம்பந்தின்னு பாக்கியளோ?"

"பாக்கல, பாக்கல..." ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார் முன்சீப். "கொஞ்சம் இருங்க. யோசிக்கணும்."

"இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு? கண்டத எழுதுங்க."

"நான் போயிட்டு வந்து..."

"எங்க போறிய? எழுதிட்டுப் போங்க அத்தான்! ஊரே காத்திருக்கு."

அதற்கு மேல் காத்திருக்க முடியாத ஒன்று அவருக்குள் இருந்தது. "நண்டு!" என்று கத்தினார்.

"என்னது?"

"மனுசன் யாரும் வரல. நான் பாத்தேன். நண்டு வளை போட்டு மண்ணு நெகிழ்ந்து போச்சு. நண்டுதான். முன்சீப் சொல்லுதேன். கூட்டம் முடிஞ்சுது!" என்று சொல்லிக்கொண்டே சாவடியை விட்டு இறங்கி, ஆமணக்கங்காட்டுப் பக்கம் ஓடினார்.

அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஊர் மிரண்டுபோயிற்று. முன்சீப் இப்படிப் பதறி ஓடுகிறார் என்றால் நண்டு விவகாரம் சாதாரணமாக இருக்காது. கரை முழுவதும் நண்டு புகுந்திருக்க வேண்டும். அம்பலவாண பிள்ளை உடனே தண்டோராப் போடச் சொன்னார். வீட்டுக்கு ஒரு ஆள் கடப்பாரையோடு கரைக்கு வர வேண்டும். ஒரு வளை விடாமல் தோண்டி நண்டைப் பிடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து புதன்கிழமை சாயங்காலம் வரை தோண்டினார்கள். நண்டு இருந்த வளையைத் தோண்டினார்கள். எலி இருந்த வளையைத் தோண்டினார்கள். வளை மாதிரி இருந்த நிழலைக்கூட ஒருவன் தோண்டினான். கீழத்தெரு வீடுகளில் இரண்டு நாளும் நண்டுக் குழம்பு கொதித்தது. சைவ வேளாளர் தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூக்கைப் பொத்தும் சாக்கில் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

மூன்று தலைமுறையாக மிதித்து மிதித்து இறுகிய கரை, இரண்டு நாளில் சல்லடைபோல் ஆயிற்று. வியாழக்கிழமை விடிந்தபோது கரையின் வெளிப்புறச் சரிவில், மடைக்குத் தெற்கே, கைப் பருமனில் தண்ணீர் கசிந்து ஓடியது. அதுவும் கலங்கலாக ஓடியது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அம்பலவாண பிள்ளை குடையைக் கீழே போட்டுவிட்டார். "அத்தான், இப்ப என்ன செய்யச் சொல்லுதிய?"

தாணுமாலையன் பிள்ளை கசிவைக் குனிந்து பார்த்தார். பயந்தார். பயத்துக்கு நடுவில் ஒரு வெளிச்சம் அடித்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடித்தது.

"குளத்துல தண்ணி பாரம் குறையணும். மறுகால்ல அஞ்சு கண்ணையும் தொறந்து விட்டாத்தான் கரை தப்பிக்கும்."

"அஞ்சு கண்ணுமா! என் வயலு என்னத்துக்கு ஆகும்?"

"கரை போனா மட்டும் உம்ம வயலு இருக்குமாவே? வீட்டோட சேந்து திருச்செந்தூர்க் கடலுக்குல்லா போயிரும்."

அறுபது வருஷத்தில் முதல் தடவையாக, மேல் முனை நனைவதற்கு முன்பே, மேலமருதடி ஊரார் தங்கள் கையாலேயே தங்கள் அடைப்பை எடுத்தார்கள். ஒவ்வொரு கண்ணாகத் திறக்கும்போதும் அம்பலவாண பிள்ளை, சொந்தக்காரன் பிணம் தெருவைத் தாண்டுவதைப் பார்க்கிறவர்போல் நின்றார். ஐந்து கண்ணும் திறந்ததும் மறுகால் இரைந்த இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. ஓடை இரு கரையும் ததும்பிக் கீழமருதடிப் பக்கமாக ஓடியது. பள்ளத்தில் கிடந்த பனந்தடி ஒன்று அதில் மிதந்து போயிற்று.

அன்று வீட்டில் நீலாம்பாள் அவருடைய திங்கட்கிழமை வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் விரித்தாள்.

"வயித்துவலிக்காரரு வேட்டியில மறுகால் களிமண்ணு எப்பிடி வந்துது?"

அவர் வேட்டியைச் சுருட்டி மடிக்கப் பார்த்தார்.

"முதுகுல தாழை முள்ளு எப்பிடி வந்துது?"

"நீலா, நம்ம பிள்ளைக்காகத்தான்..."

"தெரியுது. அந்த விளக்கெண்ணெயக் குடிக்கதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் பாதியாக் கொறச்சு ஊத்தியிருப்பேன்."

பிறகு அவள் வெகுநேரம் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் இன்னொருத்தியும் சிரித்தது கேட்டது. தாணுமாலையன் பிள்ளை அன்றுதான் ஒரு வாரத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். சோறு நன்றாகவே குழைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐயம்பெருமாள் பிள்ளை வந்தார். கூட அவர் ஊர்க் குளத்து மடையைப் பார்த்துக்கொள்ளும் சுடலையாண்டி மட்டும் வந்தான். இரண்டு பேருக்கும் இடுப்புவரை சேறு. ஐயம்பெருமாள் பிள்ளையின் கண்கள் சிவந்திருந்தன. தூங்கியதாகத் தெரியவில்லை. 'ஓடையக் கடந்து வந்திருக்காவ, பாவம்' என்று நினைத்துக்கொண்டு தாணுமாலையன் பிள்ளை எதிர்கொண்டு ஓடினார். சண்முகசுந்தரி கொடுத்தனுப்பிய மோரை நீலாம்பாள் கொண்டுவந்து வைத்தாள். வாழை இலை எதையும் கண்ணில் படாமல் முன்னமே அப்புறப்படுத்தியிருந்தாள்.

ஐயம்பெருமாள் பிள்ளை மோரைக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார். காலியான செம்பிலிருந்து இன்னும் ஒரு மடக்குக் குடித்தார்.

"அண்ணாச்சி, நான் ஒரு விஷயம் கேக்க வந்தேன். கேக்கதுக்கு எனக்கு நாக்கு கூசுது."

"நீங்க கேக்கவே வேண்டாம்!"

"இல்ல, அறுபது வருசமா நாங்க உங்க ஊர என்னெல்லாமோ பேசியிருக்கோம். இப்ப இந்த வாயால..."

"அத விடுங்க அண்ணாச்சி. பேசுனா என்ன? பேச வேண்டியதத்தான் பேசினிய."

"தண்ணி விஷயமா..."

"தெரியும்! கார்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சம்பந்தி வாயத் தொறந்து கேட்டு நான் செஞ்சா, அதுல எனக்கு என்ன பெருமை? நீங்க கேக்கதுக்கு முன்னாலயே செஞ்சாச்சு."

ஐயம்பெருமாள் பிள்ளையின் முகம் மலர்ந்தது. "செஞ்சாச்சா? நெசமாவா? ஆனா ஓடையில நேத்து வெள்ளம்லா வந்துது? உங்க மறுகால் பிச்சுக்கிட்டுதோன்னு பயந்துட்டே வாறோம்."

"பிச்சுக்கிடுமா! வாங்க, காட்டுதேன்."

கையைப் பிடித்து, சின்னக் குழந்தையை அழைத்துப்போவதுபோல அவரை மறுகாலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே அம்பலவாண பிள்ளையும் ஊரார் பத்துப் பதினைந்து பேரும் கரைச் சரிவில் கசிவுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து கண்ணிலும் தண்ணீர் நுரைத்துக் குதித்துக்கொண்டிருந்தது. குளத்தில் மடைத்தூணில் செதுக்கிய மீன் முழுதாக வெளியே தெரிந்தது. வாய், வால் இரண்டுமே காய்ந்துகிடந்தன.

ஐயம்பெருமாள் பிள்ளை அந்த ஐந்து கண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் முட்டியது. மனிதர் இவ்வளவு நெகிழ்வார் என்று தாணுமாலையன் பிள்ளை எதிர்பார்க்கவில்லை. இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"திங்கக்கிழமையே ஒரு கண்ண நான் என் கையால தொறந்தேன் அண்ணாச்சி. ஊருக்குத் தெரியாம."

"திங்கக்கிழமையா?" ஐயம்பெருமாள் பிள்ளையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது நீங்கதானா?"

"நானேதான்!"

மண்கூடையோடு நின்ற அம்பலவாண பிள்ளை கூடையைக் கீழே போட்டார்.

"அத்தான். அப்ப அந்த நண்டு?"

"நண்டு நான்தான் மாப்ளே."

மறுகால் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அம்பலவாண பிள்ளை தாம் தோண்டிய கரையை ஒரு தடவை பார்த்தார், தம் கடைக்கோடி வயலை ஒரு தடவை பார்த்தார், பிறகு முன்சீப்பைப் பார்த்தார். கடப்பாரை வைத்திருந்த இரண்டு மூன்று பேர் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தாணுமாலையன் பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார். "என்னய என்ன வேணாலும் செய்யுங்கவே. என் பிள்ளை கல்யாணம் நிக்கக் கூடாது. சம்பந்திக்குத் தண்ணி போய்ச் சேந்துட்டு. எனக்கு அது போதும்."

ஐயம்பெருமாள் பிள்ளை மெல்லக் கரைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏலே சுடலை, கல்யாணப் பந்தலுக்கு வாங்கி வச்ச மூங்கிலெல்லாம் எங்கன போச்சுன்னு சம்பந்திகிட்டச் சொல்லுலே."

சுடலையாண்டி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்சீப்பைப் பார்த்துக் கும்பிட்டான்.

"எங்க குளத்துக் கரை உடைஞ்சு பதினஞ்சு நாளாச்சு எசமான், உடைப்புல ஊனுன மூங்கில்ல பாதி திங்கக்கிழமைத் தண்ணியில போச்சு, மீதி நேத்துப் போச்சு, உடைப்ப அடைச்சு முடிக்குத வரைக்கும் ஒரு சொட்டு விடாம, வருசா வருசம் திருடுத மாதிரியே இந்த வருசமும் தண்ணியத் திருடி வச்சுக்கிடுங்கன்னு கெஞ்சிக் கேக்கத்தான் முதலாளி வந்தாவ."